ஊர் பேர் தெரிய வேண்டியவர்கள்

பினாங்கின் ஜோர்ஜ்டவுன் எஸ்பிளனேட்டில், கடலைப் பார்த்தபடி நிற்கும் போர் நினைவுத்தூணைக் காற்று வாங்கப் போகிறவர்கள் தினமும் கடந்து செல்கிறார்கள். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக டேவிட் மெக்லியோட் கிரெய்க் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து, 1929-ல் எழுந்த தூண் அது. இரண்டாம் உலகப் போரில் சிதைந்து, 1948-ல் திரும்பக் கட்டப்பட்டது. அதன் பிறகு இந்த நாடு கண்ட போர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அதில் சேர்ந்தன: இரண்டாம் உலகப் போர், அவசரகாலம், இந்தோனேசியாவுடனான மோதல், பின்னாளில் மீண்டும் தலைதூக்கிய கம்யூனிஸ்டுக் கிளர்ச்சி. இந்த வரிசைக்குள் போர் அல்லாத ஒரு பெயரும் இருக்கிறது. சயாம்–பர்மா மரண ரயில்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட அந்த ரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். ஆனால் அவர்களைப் போலப் பல மடங்கு எண்ணிக்கையில் மடிந்தவர்கள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும், பர்மாவிலிருந்தும், ஜாவாவிலிருந்தும், சயாமிலிருந்தும் கொண்டுபோகப்பட்ட கூலித் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். அதனால் தூணில் உள்ள அந்த வரியை நான் எங்கள் சனத்துக்கான வரியாகவே வாசிக்கிறேன். வாசிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. துப்பாக்கி பிடித்தவரை நினைக்கும் நாளில், மண்வெட்டி பிடித்துச் செத்தவருக்கு என்ன இடம்?

மலேசியாவில் வீரர்கள் நாள், ஹாரி பஹ்லாவான், ஜூலை 31. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து அறிவிக்கப்பட்டு, பன்னிரண்டு ஆண்டு நீண்ட அவசரகாலம் 1960-ல் அதே தேதியில்தான் முடிவுக்கு வந்தது. மூப்படைந்த படைவீரர்கள் பதக்கம் அணிந்து வருகிறார்கள். சிலர் சக்கர நாற்காலியில். அவர்களுக்குச் செலுத்தும் மரியாதையில் ஒரு துளியும் குறையக் கூடாது என்பது என் எண்ணம். காட்டுக்குள் ரோந்து போய்த் திரும்பாதவர்கள், கண்ணிவெடியில் காலை இழந்தவர்கள், தோட்டங்களுக்குக் காவல் நின்ற சிறப்புக் காவலர்கள் இருந்திராவிட்டால் பலருடைய வாழ்க்கை வேறாகியிருக்கும். அவசரகாலத்தில் பாதுகாப்புப் படையினர் 1,800-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே காலத்தில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,400-க்கும் மேல். சீருடை அணியாதவர்களின் சாவு அணிந்தவர்களின் சாவைவிட அதிகம். போர்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. நினைவுகூரும்போது மட்டும் இந்த விகிதம் தலைகீழாகிவிடுகிறது.

1941 டிசம்பர் 11 அன்று இந்தத் தீவின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. வானத்தில் வருவது யாருடைய விமானம் என்று தெரியாமல் மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பல நூறு பேர் நின்ற இடத்திலேயே மாண்டார்கள். சில நாள்களில், இரவோடு இரவாக, பிரிட்டிஷார் தங்கள் ஐரோப்பியக் குடும்பங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு தீவை விட்டுப் போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் அவர்களுடைய கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அது பறக்கும்வரை குண்டும் விழும். அதை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர். பேனா பிடித்த அந்த மனிதர், ஆளில்லாமல் கிடந்த ஊரை மற்றவர்களோடு சேர்ந்து ஒரு சேவைக் குழு அமைத்துக் கட்டிக் காத்தார். கோட்டைக்கும் நினைவுத்தூணுக்கும் இடையே நடந்தால் சில நிமிடம். வீரத்துக்குச் சீருடை வேண்டியதில்லை என்பதற்கு இந்த நகரத்திலேயே சான்று இருக்கிறது.

ஆனால் ரயில் பாதைக்குப் போனவர்களின் கதை அப்படி ஒரு வீரக் கதை அல்ல. அதனால்தான் அதைச் சொல்வது கடினமாக இருக்கிறது. ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய், தோட்டங்களில் வேலை இல்லை. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அந்த நேரத்தில் ஜப்பான்காரர்களுக்கு பர்மாவில் இருந்த தங்கள் படைக்குச் சாமான் அனுப்பக் கடல்வழி ஆபத்தாகிவிட்டது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, காடும் மலையும் ஆறும் கடந்து, 415 கிலோமீட்டருக்கு ஒரு பாதை போட வேண்டும். நாள்கூலி, அரிசி, சில மாத வேலை என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். பசியில் கிடந்த குடும்பங்கள் நம்பிப் போயின. போனவர்கள் திரும்பவில்லை என்ற சேதி கசிந்ததும் யாரும் முன்வரவில்லை. பிறகு லாரி வந்தது. தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்டார்கள். லயத்திலிருந்தும் கள்ளுக்கடையிலிருந்தும் ஆள்களைப் பிடித்துப் போனார்கள். சரக்கு ரயில் பெட்டிக்குள் நின்றபடி நாள்கணக்கில் பயணம். இறங்கியதும் காட்டுக்குள் நடை. 1942-ல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. முடிந்தபோது, சுமார் 13,000 போர்க்கைதிகளும் 80,000 முதல் 1,00,000 வரையிலான கூலித் தொழிலாளர்களும் இறந்திருந்தார்கள்.

இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது எண்ணுக்குப் பின்னால் பெயர்கள் இருக்கின்றன. காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். வெட்டிய புல், பூச்செடி, ஒவ்வொருவருக்கும் தனிப் பலகை. சுங்காயிலும் தன்பியூசயாட்டிலும் அப்படியே. இரண்டாவது எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஒரு மதிப்பீடு. எண்பதாயிரமா, ஒரு லட்சமா? இருபதாயிரம் மனிதர்கள் இருந்தார்களா இல்லையா என்பதே சந்தேகத்தில் தொங்குகிறது.

இந்த வித்தியாசத்தை வெறும் அலட்சியம் என்று சொல்லி நான் கடந்துவிட்டிருப்பேன். காரணத்தைப் படித்த பிறகு அப்படிக் கடக்க முடியவில்லை. கைதிகள் ஒரு படையாகப் பிடிபட்டவர்கள். அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும், யார் எந்த நாளில் எந்த முகாமில் இறந்தார் என்பதை எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும், 1945 செப்டம்பரில், அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு ஒரு சிறு குழு பாதை நெடுகப் போய்ப் பத்தாயிரத்துக்கும் அதிகமான கல்லறைகளைக் கண்டுபிடித்தது. தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் மருத்துவர் இல்லை, அதிகாரி இல்லை, பட்டியல் எழுத ஆள் இல்லை. காலரா வந்தால் ஒரு லயமே காலியாகும். உயிரோடு இருப்பவன் செத்தவனைப் புதைத்தான். அடுத்த வாரம் அவனைப் புதைக்க வேறொருவன். யாருடைய பெயரும் தாளில் ஏறவில்லை.

துக்கம் எல்லாருக்கும் பொது. பதிவேடு எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. எண்பது ஆண்டுக்குப் பிறகும் யாருக்குக் கல் உண்டு, யாருக்கு இல்லை என்பதைத் தீர்மானித்தது அந்தப் பதிவேடுதான்.

என் பாட்டியின் அப்பா கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து போனவர். எங்கள் வீட்டில் யாரும் அவர் செத்துப்போனார் என்று சொன்னதில்லை. "சயாமுக்குப் போனாரு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். சேதி வரவில்லை, உடல் வரவில்லை, கூடப் போனவர்களும் வரவில்லை. அவருடைய மனைவி எந்த நாளில் பூவும் பொட்டும் எடுப்பது என்று தெரியாமல் பல வருடம் இருந்தாராம். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் பேசி, ஒரு நாளைக் குறித்து, எடுத்தார்கள். இறந்த நாள் தெரியாததால் திதி கிடையாது. ஆடி அமாவாசையில்தான் பாட்டி அவருக்குப் படையல் போடுவார். அவித்த மரவள்ளிக்கிழங்கும் இலையில் இருக்கும். வீட்டுக் குழந்தைகள் கேட்டால், "அவருக்குப் பசி" என்பார். அந்தப் படையலில் இருந்த அன்பை எந்த அரசாங்க விழாவிலும் நான் கண்டதில்லை. ஆனால் பாட்டி போன பிறகு, அவர் அப்பாவின் ஊர் எது, தகப்பன் பெயர் என்ன என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்பு மட்டும் போதாது என்பதை அன்று உணர்ந்தேன். எழுதி வைக்காத அன்பு இரண்டு தலைமுறைக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை.

ஜூலை 31 எப்போதும் ஆடி மாதத்தில்தான் விழுகிறது. பினாங்கின் கடற்கரைகளில் எள்ளும் தண்ணீரும் இறைத்து முன்னோரை நினைக்கும் மாதம் அது. நாடு தன் வீரர்களை நினைக்கும் நாளும், எங்கள் வீடுகள் திரும்பாதவர்களை நினைக்கும் நாளும் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. ஆனாலும் ஒன்றை ஒன்று அறியாமல் கடந்துபோகின்றன.

வீரரையும் தொழிலாளரையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்றால், அதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொல்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. படையில் பணியாற்றிய என் நண்பர் ஒருவரே சொல்லியிருக்கிறார். வீரர் என்பவர் தானாக முன்வந்து ஆபத்தை ஏற்றவர். இழுத்துப்போகப்பட்டவர் பாவம்; அவருக்காக அழலாம். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் வீரம் என்ற சொல்லுக்கு மதிப்பு போய்விடும் என்பது அவர் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. பிறருக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்தவருக்குரிய வணக்கத்தை எல்லாருக்கும் பங்குபோட நான் கேட்கவில்லை.

ஆனால் முன்வருவது என்பது நாம் நினைப்பது போல அவ்வளவு தெளிவான காரியமா? இந்த மண்ணிலேயே இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத்து இளைஞர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் பலர் நேதாஜியின் குரல் கேட்டு, உள்ளம் கொதித்துப் போனவர்கள். அந்தச் சீருடை போட்டால் சயாமுக்கு இழுத்துப்போக மாட்டார்கள் என்று நினைத்துச் சேர்ந்தவர்களும் உண்டு என்று பழையவர்கள் சொல்வார்கள். ஒரே மனிதனுக்குள் இரண்டு காரணமும் இருந்திருக்கலாம். பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் கட்டடத்தில் இயங்கிய சுயராஜ்யப் பயிற்சி நிலையத்தில் ஒற்றர் பயிற்சி பெற்று, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுப் பிடிபட்டவர்கள் சிலர், 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். கேரளத்தின் வக்கம் அப்துல் காதர் அவர்களில் ஒருவர். அவருடைய துணிவில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. எதிர்ப்பக்கம், பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து மலாயாவில் மாண்டு, தைப்பிங் போர்க் கல்லறையில் கிடக்கிறவர்களில் எத்தனை பேர் பேரரசை நேசித்துச் சேர்ந்தார்கள்? மழை பொய்த்த கிராமத்தில் மாதச் சம்பளம் என்பதற்காகச் சேர்ந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய கல் முன்னால் நின்று, நீ ஏன் சேர்ந்தாய் என்று நாம் விசாரிப்பதில்லை. விசாரிக்கவும் கூடாது. பசி பட்டாளத்துக்குத் தள்ளினால் வீரர், ரயில் பாதைக்குத் தள்ளினால் வெறும் எண்ணிக்கை என்று பிரித்துப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை.

இந்த இடத்தில்தான் என் எண்ணம் ஒரு முடிவுக்கு வருகிறது. நினைவு நாளில் நாம் செய்வது இரண்டு காரியம். ஒன்று வணக்கம், அது வீரத்துக்கு. மற்றொன்று கணக்கு, அது உயிருக்கு. ஒரு போர் நடந்து முடிந்தால், அதில் போன ஒவ்வொரு உயிரையும் யார், எந்த ஊர், எப்படிப் போனது என்று எழுதி வைக்கும் கடன் மிச்சமிருப்பவர்கள் தலையில் விழுகிறது. வணக்கத்தில் தரம் பிரிக்கலாம். கணக்கில் பிரிக்க முடியாது.

இதை நமக்குப் புதிதாக யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. நடுகல் நட்ட சமூகம் நம்முடையது. ஆநிரை மீட்டு மாண்டவன் யார் மகன், எந்த ஊரான், எந்த அரசன் காலம் என்று கல்லில் வெட்டி நிறுத்தினார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்வரைக் கடித்து அவன் அருகிலேயே காவல் நின்ற நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து முன்னூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் பெயரை நாம் வாசிக்கிறோம். ஒரு நாயின் விசுவாசத்துக்குக் கூடப் பெயர் எழுதி வைத்தவர்களின் வழிவந்தவர்கள், எண்பது ஆண்டுக்கு முன் போன சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தொலைத்து நிற்கிறோம்.

பினாங்கிலேயே பக்கத்துச் சமூகம் செய்ததையும் பார்க்கலாம். ஆயர் ஈத்தாமில் சீனர்கள் 1951-ல் ஒரு போர் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். ஜப்பானியர் ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் எச்சங்களைத் தேடிச் சேர்த்து அங்கே வைத்தார்கள். தென்கிழக்காசியாவிலிருந்து சீனாவுக்குப் போய் பர்மா சாலையில் லாரி ஓட்டிய ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் அங்கே நினைக்கப்படுகிறார்கள். அவர்கள் கையில் இருந்தது ஸ்டீரிங்கும் ஸ்பேனரும்தான். போர் முடிந்து ஆறே ஆண்டில், புண் ஆறுமுன்னே, அவர்கள் அந்தக் கடனைத் தொடங்கிவிட்டார்கள்.

நாம் தாமதித்துவிட்டோம். ஆனால் தாமதமாகத் தொடங்கினாலும் நடக்கும் காரியம் இது. உலகப் போர்களில் மாண்டவர்களுக்குப் பதவி, இனம் பாராமல் ஒரே மாதிரிக் கல் வைப்பதாகச் சொன்ன காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், 2021-ல் தன் அறிக்கையிலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்கர், இந்தியர் முதலானோரில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, ஒருவேளை எந்த வகையிலுமோ, நினைக்கப்படவில்லை. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும்; போருக்குச் சுமை தூக்கிய கூலிகள் அவர்களில் ஏராளம். நூறு ஆண்டு கழித்து அந்த ஆணையம் பெயர்களைத் தேடத் தொடங்கியது. சயாம் பாதைக்காகவும் சிலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவில் 'டெத் ரயில்வே இன்டரஸ்ட் குரூப்' என்ற அமைப்பு உயிரோடிருந்த முதியவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டியது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும், சீ. அருணின் ஆய்வு நூலும் தமிழில் இருக்கின்றன. காஞ்சனபுரியில், தொழிலாளர்களின் எலும்புகள் புதைந்திருக்கும் வாட் தாவோர்ன் வராராம் ஆலயத்தில், 2023 மே முதல் நாளில் தமிழர்கள் ஒரு நடுகல் நட்டார்கள். பழைய வழக்கம் சரியான இடத்தைச் சென்று சேர்ந்தது.

அந்த நடுகல்லில் பெயர்கள் ஏற வேண்டும். எஸ்பிளனேட் தூணில் உள்ள அந்த ஒற்றை வரிக்கும் பெயர்கள் வேண்டும். தூணை மாற்ற வேண்டாம். அருகில் ஒரு கற்பலகை போதும். உறுதியான பெயர் ஒன்று கிடைக்கும்போதெல்லாம் அதில் வெட்டட்டும். முதல் ஆண்டில் பத்துப் பெயர் ஏறினாலும் அது பத்து மனிதர். பினாங்கு, கெடா, பேராக்கில் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்கலாம். போனவர் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், போன வருடம், திரும்பினாரா இல்லையா. ஐந்து விவரம், ஒரு தாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதை ஜூலை மாத வீட்டுப்பாடமாகத் தந்தால், ஒரு தலைமுறை தொலைத்ததை அடுத்த தலைமுறை கொஞ்சமாவது மீட்கும்.

உயிரோடு இருக்கும் முன்னாள் படைவீரர்களிடமும் இப்படிக் கேட்டு எழுதும் கடன் நமக்கு உண்டு. 21 ஆண்டு பணி முடிக்காமல் வெளியேறிய சாதாரணப் படைவீரர்களுக்கு வழமையான ஓய்வூதியம் கிடைப்பதில்லை. காட்டில் இளமையைக் கழித்துவிட்டு, முதுமையில் பாதுகாவலர் வேலைக்கு இரவு விழிப்பவர்களை நம் குடியிருப்புகளின் வாசலிலேயே பார்க்கலாம். அவர்களிடமும் போய் உட்கார்ந்து, எங்கே பணியாற்றினீர்கள், உடன் இருந்தவர்கள் யார், யார் திரும்பவில்லை என்று கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எழுந்து நின்று அமைதி காப்பதைவிட அந்தக் கேள்விகள் அவர்களுக்கு அதிக மரியாதை தரும் என்று நம்புகிறேன்.

எங்கள் குடும்பத்தில் இப்போது ஒரு தாள் தொடங்கியிருக்கிறோம். பாட்டியின் சித்தி மகள் ஒருவர் ஈப்போவில் இருக்கிறார். அவரிடமிருந்து தோட்டத்தின் பெயர் கிடைத்தது. தகப்பன் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. தேடுகிறோம். ஊர் பேர் தெரியாதவர் என்று ஒருவரை விட்டுவிடும் உரிமை, அவரை அறிந்தவர்களில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை நமக்குக் கிடையாது.